பெல்ட் மாடலும் செயின் மாடலும்

ஏப்ரல் 3

அமெரிக்காவில் எவனோ மரத்தின் மேல் உட்கார்ந்து மான் சுடுவதற்காக, இன்று காலை முழுக்க முதுகில் பதினோரு கிலோ அலுமினியத்தைக் கட்டிக்கொண்டு தென்னந்தோப்பைச் சுற்றி வந்தேன்.

எங்கள் கோயம்புத்தூர்ப் பட்டறை செய்வது இதைத்தான். இரண்டு சட்டங்கள். மேலே உட்காருகிற சட்டம், கீழே கால் வைக்கிற சட்டம். இரண்டையும் மரத்தைச் சுற்றி மாட்டிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து காலால் கீழ்ச்சட்டத்தை இழுப்பது, நின்று மேல்சட்டத்தைத் தூக்குவது. கம்பளிப்புழு போல மரத்தில் ஏறிவிடலாம். இறங்கியதும் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று மடக்கி முதுகில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடக்கலாம். வேட்டைக்காரன் விடிவதற்கு முன் இப்படித்தான் நடப்பானாம். பட்டறையில் எல்லோரும் இதை 'ஸ்டாண்ட்' என்கிறார்கள்.

ஸ்டாண்டில் இரண்டு மாடல். மரத்தைச் சுற்றி நைலான் பட்டை போவது பெல்ட் மாடல், எட்டு கிலோ. ரப்பர் போட்ட சங்கிலி போவது செயின் மாடல், பதினொன்று. மே மாதம் பையர், அதாவது இதை வாங்கப்போகிற அமெரிக்கக்காரர், நேரில் வந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். முதலாளி சென்னியப்பனுக்கு பெல்ட் மாடல் மேல் ஆசை. செய்யச் செலவு குறைவு. வரைந்தவன் அவருடைய அக்கா மகன் மிதுன்.

மிதுன் உட்காரும் டிசைன் ரூமில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது. அது எனக்கு என்று பேச்சு. பையர் வந்து போகும்வரை டெஸ்டிங் பார், பிறகு உள்ளே வந்துவிடு என்றுதான் என்னை எடுத்தார். நான் டிப்ளமா மெக்கானிக்கல். முதல் வகுப்பு.

ஏப்ரல் 5

முதலாளிக்கு இன்று நல்ல மனநிலை. புதிதாக வந்த இரும்பு வியாபாரியிடம் என்னைக் காட்டி, திசையன்விளைப் பக்கத்துப் பையன், பனையேறிக் குடும்பம், மரம் என்றால் அணில் மாதிரி என்றார். வியாபாரி என் கால்களைப் பார்த்தான். காலில் என்ன தெரியும் என்று தெரியவில்லை. ஷூ போட்டிருந்தேன்.

இன்டர்வியூவிலும் இதே பேச்சுதான். சர்டிபிகேட்டைத் திறக்கும் முன்பே எந்த ஊர் என்றார். சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அப்ப மரமேர்றது உங்களுக்கு மூச்சு விடற மாதிரி என்றார். நான் ஆமாம் சார் என்றேன். வேலைக்கு வந்து நிற்கிறவன் வேறு என்ன சொல்வான்.

அப்பா பனையை விட்டு இறங்கியது நான் பிறப்பதற்கு முன்னால். எனக்குத் தெரிந்த அப்பா மொபெட்டில் பிளாஸ்டிக் குடம் கட்டி ஊர் ஊராக விற்கிறவர். மிதுனின் தாத்தா மாட்டு வண்டி ஓட்டியவராம். யாரும் மிதுனிடம் போய் வண்டி பூட்டச் சொல்வதில்லை.

ஏப்ரல் 9

தோள் எரிகிறது. தேங்காய் எண்ணெய் போட்டேன்.

ஏப்ரல் 11

எழுதவே எரிச்சலாக இருக்கிறது. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

சமதரையில் நடந்தது போதாது, மேடு பள்ளம் வேண்டும் என்று முதலாளி தன் அடிவாரத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார். தோட்டத்துக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் காடு. செயின் மாடலை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பிலும் ஓடையிலும் ஏறி இறங்கினேன். எடை முழுக்கத் தோளில் தொங்குகிறது. இடுப்பில் ஒரு பட்டை போட்டு எடையை அங்கே இறக்கினால் தூரம் நடக்கலாம். இதைச் செய்ய ஒரு மணி நேரம் போதும். ஆனால் படம் வரைகிறவன் சுமப்பதில்லை, சுமக்கிறவனிடம் பேனா இல்லை.

வேலி ஓரம் வனத்துறை வாச்சர் ஒருவர் நிறுத்தினார். முதுகில் என்ன என்றார். மரம் ஏறுகிற ஸ்டாண்ட் என்றேன். எதற்கு என்றார். மான் சுடுவதற்கு என்றேன்.

உண்மை அதுதானே. வாயில் வந்துவிட்டது.

மத்தியானம் வரை செக்போஸ்ட்டில் உட்கார வைத்திருந்தார்கள். பையைக் கவிழ்த்தார்கள். தோட்டா தேடினார்கள், புளிசாதம் கிடைத்தது. மான் அங்கே, அமெரிக்காவில் என்று நான் சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சந்தேகம் கூடியது. இங்கே மான் கறி தின்றால் ஜெயில், அங்கே அது பொழுதுபோக்கு, அதற்குச் சாமான் செய்வது ஏற்றுமதி என்று விளக்கினேன். ரொம்பப் பேசறான், வண்டி வரட்டும் என்றார் ஒருவர்.

முதலாளி வந்தார். செக்போஸ்ட் அதிகாரியிடம் இரண்டே வாக்கியம்தான்.

"நம்ம பையன்தானுங்க, தெக்கத்திக்காரன், பனையேர்ற சாதி. தேங்கா பறிக்கறதுக்கு மெஷின் செஞ்சு பாத்துட்டு இருக்கறோம்."

அவ்வளவுதான். அதிகாரி முகம் இளகிவிட்டது. அட, மொதல்லயே சொல்றதுக்கென்ன தம்பி என்று எனக்கே டீ சொன்னார். உண்மையைச் சொன்னபோது நான் கள்ள வேட்டைக்காரன். பொய்யோடு சாதியைச் சேர்த்துச் சொன்னதும் யோக்கியன்.

டீயைக் குடித்தேன். குடிக்காமல் வந்திருக்கலாம்.

ஏப்ரல் 15

ஏறிப் பார்க்கும் சோதனை இன்று. பட்டறைக்குப் பின்னால் இருக்கும் தென்னையில்.

ஆள் ஏறுவது விஞ்ஞானம் இல்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஆளுக்கு ஆள் எடை மாறும். மணல் மூட்டை என்றால் கணக்குத் துல்லியம். கப்பி கட்டி ஸ்டாண்டைத் தென்னையில் உயரத்தில் மாட்டச் சொல்லி, அதன்மேல் நூற்று ஐம்பது கிலோ மணலை வைத்து மாடலுக்கு அரை நாள் விட்டேன். மாட்டியது வெல்டர் சுபோத். ஒடிசாக்காரன். எதற்கும் பிரச்சனை இல்ல என்பான். ஏணியில் நின்று மாட்டிவிட்டு இறங்கினான். நான் கீழே இருந்து சரிபார்த்தேன். டெஸ்டிங்கில் ஒருவர் கீழே இருப்பது அவசியம்.

பெல்ட் மாடல் அசையவில்லை. செயின் மாடலும் அசையவில்லை. முதலாளி பெல்ட் மாடலைத் தட்டிக்கொடுத்தார்.

பெல்ட்டும், ஏறுகிறவன் விழாமல் மரத்தோடு பிடித்துக்கொள்ளும் இடுப்புக் கச்சையும் தைக்கிற தெய்வானை அக்கா மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேல பாக்காமயே மேல இருக்கறதப் பத்திப் பேசறயே தம்பி என்றார். கழுத்து வலி என்றேன்.

ஏப்ரல் 22

சாப்பாட்டு நேரத்தில் போனில் அமெரிக்க வேட்டைக்காரர்களின் வீடியோ பார்த்தேன். தொழிலுக்காக. பேச்சில் பாதி புரியவில்லை, மரம் புரிந்தது.

அவர்கள் ஏறுகிற மரத்தில் தென்னை மாதிரி வளையம் வளையமாகப் படி இல்லை. வழவழவென்று இருக்கிறது. அதைவிட முக்கியம், அடியில் பருத்து மேலே போகப் போக மெலிகிறது. தென்னை அடியிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய ஒரே பருமன். அங்கே அடியில் இறுக்கமாகக் கட்டிய பட்டை மேலே போனதும் தொளதொளக்கும். கால்சட்டம் முன்பக்கம் தாழும். அதில் நிற்கிறவன் என்ன ஆவான்?

அடியில் மாட்டும்போதே கால்சட்டத்தின் முன்பக்கத்தைத் தூக்கலாக வைக்கிறார்கள். மேலே போனதும் சமமாகிவிடுகிறது. செயின் மாடலில் கண்ணிகளைக் குறைத்து இதைச் செய்யலாம். அதன் சட்டத்தில் இருக்கும் பற்கள் மரத்தைக் கடிக்கவும் செய்யும். எங்கள் பெல்ட் மாடலில் பல்லே இல்லை. மணல் மூட்டையும் எழுந்து நிற்காது, பக்கவாட்டில் திரும்பாது, மானைக் கண்டு பதறாது.

நாங்கள் தென்னை மரத்தில் சோதித்து, தென்னையே இல்லாத காட்டுக்கு அனுப்பப் போகிறோம்.

நாங்கள் என்றால், சரி, அந்த மணல் மூட்டை என் யோசனைதான்.

ஏப்ரல் 24

தோப்பின் எல்லையில் தைல மரங்கள் இருக்கின்றன. பட்டை உரிந்து வழவழவென்று இருக்கும். பெல்ட் மாடலை ஒன்றில் மாட்டி ஏறி நின்றேன். திரும்பினேன். சர்ரென்று இறங்கியது. முழங்கையில் தோல் போயிற்று.

முழங்கால் உயரத்தில்தான் மாட்டியிருந்தேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

ஏப்ரல் 25

முதலாளியிடம் சொன்னேன். முழங்கையைக் காட்டினேன். மிதுனும் இருந்தான். தைல மரத்தில் எவன் மான் சுடுகிறான் என்று கேட்டான். தென்னையில் எவன் சுடுகிறான் என்று கேட்டேன். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு கோபம் வந்தது. மருமகன் முன்னால் சிரித்துவிட்டோமே என்ற கோபம்.

"முழங்கா ஒசரத்துல வழுக்குனதயெல்லாம் ஒரு டெஸ்ட்டுன்னு சொல்லிட்டு வர்றயா? மேல போ. மேல போயி வழுக்குச்சுன்னு வந்து சொல்லு, நான் மாடல மாத்தறேன்."

யாரை ஏற்றலாம் என்று கேட்டேன்.

யாரையா என்று முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். உன்ன வெச்சிருக்கறது எதுக்கு?

நான் ஏறமாட்டேன் என்று சொன்னேன். இது கொள்கை. டிப்ளமா படித்தவனை, அவன் ஊரைக் கேட்டுவிட்டு மரத்தில் ஏற்றுவது அவமானம். முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன், நடு ஷெட்டில், எல்லோரும் கேட்க. தெய்வானை அக்காவும் சுபோத்தும் வேலையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கோபம்தான்.

முதலாளி கத்தவில்லை. அந்த நாற்காலி வேணுமா வேண்டாமான்னு யோசிச்சுக்கோ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 26

மரத்தில் ஏறுவதற்கும் கம்ப்யூட்டரில் வரைவதற்கும் என்ன சம்பந்தம்?

மே 1

லீவு இல்லை. மே தினத்தில் உழைக்கிறவன் எங்கே என்று ஊர்வலத்தில் தேட வேண்டாம், எங்கள் பட்டறைக்குள் உழைத்துக்கொண்டிருக்கிறான்.

அப்பா போன் செய்தார். சாப்பிட்டியா என்று தொடங்கி, வேலை எப்படி என்று வந்தார். டிசைன் என்றேன். அதற்கு அவர் சொன்னது:

"அங்கெயும் மரத்துல ஏறச் சொல்லுதானுவளோ? சொன்னா ஏறாதல. நாலு வயசுல உன்ன வேப்பமரத்துக் கவட்டையில உக்கார வச்சதுக்கே மூணு நா காய்ச்சல்ல கெடந்தவன் நீ."

எனக்கு அது ஞாபகம் இல்லை. அப்பாக்கள் எதையாவது சொல்வார்கள்.

மே 7

செயின் மாடலின் சத்தம் தீர்ந்தது. ரப்பர் போட்டும் கண்ணிகள் உரசிக் கிணுகிணுத்தன. மானுக்கு அது போதுமாம், அடுத்த தாலுகாவுக்கு ஓடிவிடும். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிச் சங்கிலியை அதற்குள் நுழைத்தேன். தூக்கிக் குலுக்கினால் துணி மூட்டை மாதிரி இருக்கிறது. இடுப்புப் பட்டையும் தெய்வானை அக்காவை வைத்துத் தைத்துவிட்டேன். இப்போது பதினோரு கிலோ, எட்டு கிலோவைவிட லேசாகத் தெரிகிறது.

மிதுன் வந்து பார்த்தான். நன்றாக இருக்கிறது, வரைந்துவிடுகிறேன் என்றான். வரைபடத்தின் மூலையில் அவன் பெயர் இருக்கும். அந்த மூலை ஒரு தீப்பெட்டி அளவு. அதில் நுழைய நான் என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது.

மே 14

பையர் வந்தார். பெயர் வேய்ன். அறுபதை நெருங்குகிறவர், வயிறு தள்ளி, முகம் முழுக்க வெயில் சிவப்பு. நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார். வந்ததும் இரண்டு மாடலையும் தானே முதுகில் மாட்டி நடந்து பார்த்தார். செயின் மாடலின் இடுப்புப் பட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எடை எட்டு என்றதும் பெல்ட் மாடலிடம் திரும்பினார். அவர் ஊரில் கடையில் நிற்கிறவன் எடையைத்தான் முதலில் படிப்பானாம். மிதுன் மொழிபெயர்த்தான்.

முதலாளி என் தோளில் கைபோட்டு முன்னால் நிறுத்தினார். பரம்பரை பரம்பரையாக மரம் ஏறுகிற குடும்பம் என்று சொல்லு என்றார். மிதுன் சொன்னான். வேய்ன் என் கையைக் குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினார். அவரும் மூன்று தலைமுறை வேட்டைக்காரராம். தாத்தாவின் துப்பாக்கி இன்னும் வீட்டில் இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்தது. எனக்குப் பரம்பரை என்ற சொல் கேட்டதும் முதுகு குனிகிறது. இரண்டு பேருக்கும் ஒரே சொல்.

எல்லோரும் தென்னையை நோக்கி நடந்தோம். வேய்ன் தென்னையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அவர் ஊரில் மான் இளநீர் குடிப்பதில்லை என்றாராம். சுற்றிப் பார்த்துத் தைல மரத்தைக் காட்டினார். அதில் ஏறச் சொல்லுங்கள், பெல்ட் மாடலில் என்றார்.

மரம் உயரமாக இருந்தது. முன்பு அவ்வளவு உயரம் என்று கவனித்ததில்லை.

முதலாளியைத் தனியாக அழைத்தேன். அவரிடம் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், எனக்கு மரம் ஏறத் தெரியாது. ஒரு மரத்துலயும் ஏறுனதில்ல. உயரம்னா எனக்குப் பயம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பரவாயில்லை, நேரம் பார்த்துத்தான் கேட்கிறாய், சம்பளத்தை ஏற்றித் தருகிறேன், போ என்றார். இல்லை சார், நிஜமாகவே பயம் என்றேன்.

"பனையேறி மவனுக்குப் பயமா? யாருகிட்ட சொல்றே?"

நம்பவில்லை. என் உடம்பைப் பற்றி நான் சொல்வதைவிட என் சாதியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவருக்கு உறுதியாக இருந்தது.

அப்படியானால் மிதுன் ஏறட்டும், வரைந்தவர் அவர்தானே என்றேன். முதலாளியின் சிரிப்பு நின்றது. அவன் எங்க வூட்டுப் பையன் என்றார், மெதுவாக. பிறகு திரும்பி, சுபோத், நீ ஏறுப்பா என்றார்.

சுபோத் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பிரச்சனை இல்ல என்றான். ஸ்டாண்டை மாட்டத் தொடங்கினான். இப்படித்தான் இருக்கிறது. நான் மாட்டேன் என்றால் அந்த வேலை நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். அது நிற்கவில்லை, எனக்குக் கீழே இருந்தவனிடம் இறங்கியது.

நான் போய் அவன் கையிலிருந்து வாங்கினேன். நல்லவன் என்பதால் இல்லை. அவன் கச்சையின் கொக்கியைத் தலைகீழாக மாட்டியிருந்தான். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

ஏறினேன். உட்கார், இழு, நில், தூக்கு. மரத்தை மட்டும் பார்த்தேன். உரிந்த பட்டை, எறும்பு ஒன்று. கீழே முதலாளியின் குரல் பாத்தீங்களா பாத்தீங்களா என்று கேட்டது. இரண்டு ஆள் உயரம் வந்திருக்கும். கால்சட்டத்தின் முன்பக்கம் தாழ்ந்திருப்பது உள்ளங்காலில் தெரிந்தது. இறங்கிவிடலாம் என்று நினைத்துத் திரும்பினேன். திரும்பியதும் கால்சட்டம் போய்விட்டது. தரையில் விழுந்த சத்தம் பிறகுதான் வந்தது. மேல்சட்டமும் ஒரு முழம் வழுக்கியது. தெய்வானை அக்கா தைத்த கச்சை பிடித்துக்கொண்டது.

தொங்கினேன். மரத்தைக் கட்டிக்கொண்டேன். இறங்கு என்றார்கள், கையை விடு என்றார்கள், ஏணி வந்துவிட்டது என்றார்கள். கை என் பேச்சைக் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுபோத் ஏணியில் ஏறி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். கீழே வந்தபோது பேன்ட் நனைந்திருந்தது. மிதுன் தன் சட்டையைக் கழற்றி என் இடுப்பில் கட்டிவிட்டான். அதை எழுதாமல் விட்டால் அநியாயம்.

வேய்ன் செயின் மாடலுக்கு ஆர்டர் கொடுத்தார். கச்சையைத் தைத்தவர் யார் என்று கேட்டு அக்காவுக்குக் கை கொடுத்தார். போவதற்கு முன் செயின் மாடலில் அவரே அந்தத் தைல மரத்தில் ஏறினார். அந்த வயிற்றோடு. மேலே போய் உட்கார்ந்து போட்டோ எடுக்கச் சொன்னார். முதலாளி கைதட்டினார். வெள்ளைக்காரன் ஏறினால் விளையாட்டு. இறங்கியதும் அவரிடம் யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

மே 15

போகவில்லை.

மே 17

முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார். அதுவே முதல் முறை.

ஆர்டர் பெரியதாம். மாதா மாதம் ஒவ்வொரு லாட்டிலும் சில ஸ்டாண்டுகளை ஆள் ஏறிச் சோதித்து வீடியோ அனுப்ப வேண்டுமாம், தைல மரத்தில். மணல் மூட்டை ஆகாது என்று வேய்ன் சொல்லிவிட்டார். நீ சொன்னது சரியாகப் போச்சு தம்பி, பெல்ட் மாடலை நம்பியிருந்தால் நாசமாகப் போயிருப்போம் என்றார். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு சொன்னார். ஏறத் தெரியும் என்று நினைத்துத்தான் உன்னை எடுத்தேன்.

டிப்ளமா பார்த்து எடுக்கவில்லையா என்று கேட்டேன். டிப்ளமாக்காரன் இந்த ஊருக்கு ஒவ்வொரு பஸ்ஸிலும் ஐம்பது பேர் வருகிறான் என்றார். கேலியாகச் சொல்லவில்லை. விலை சொல்வது போலச் சொன்னார்.

வேலையை விட்டுப் போகச் சொல்லப் போகிறார் என்று எழுந்தேன். உட்காரு உட்காரு என்றார்.

"உங்க ஊருப்பக்கம் ஏர்ற பையன் எவனாச்சும் இருந்தா கூட்டிட்டு வா. அவன் டெஸ்டிங்கப் பாத்துக்கட்டும். நீ திங்கக்கெழமயே டிசைன் ரூமுக்குப் போயிரு."

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. மின்விசிறி நிற்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். யோசிக்கிறேன் என்றேன்.

மே 18

யோசிக்க ஒன்றுமில்லை. முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான். எதை எதிர்த்து நடு ஷெட்டில் கத்தினேனோ அதையே நான் செய்வதா?

ஞாயிற்றுக்கிழமை. துணி துவைத்தேன். மிதுனின் சட்டையையும் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தேன்.

மே 20

சித்தி மகன் ஞானதுரை ஐடிஐ ஃபிட்டர் முடித்து ஒன்றரை வருஷமாகச் சும்மா இருக்கிறான். சித்தி போன வாரம்கூட அம்மாவிடம் அழுதிருக்கிறாள். வேலை கொடுப்பது ஒன்றும் பாவம் இல்லை. செயின் மாடல் வழுக்காது, அதை நான்தானே சரிசெய்தேன். கச்சை இருக்கிறது. பயம் எனக்குத்தான், எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்று என்ன சட்டம். நான் டிசைன் ரூமுக்குள் போனால்தான் உள்ளே இருந்து எதையாவது மாற்ற முடியும். வெளியே நின்று கத்தி என்ன மாற்றினேன்?

போன் செய்தேன். கோயம்புத்தூரில் வேலை, ஏற்றுமதிக் கம்பெனி என்றேன். எப்ப வரணும்ணே என்றான். சித்தி போனைப் பிடுங்கி, நீ நல்லாருப்ப மக்கா, உன்ன சாமிதான் அனுப்பியிருக்கு என்றாள்.

என்ன வேலை என்று அவன் கேட்டான். டெஸ்டிங் என்றேன்.

ஏறுவானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பான்.

மே 22

முதலாளியிடம் சொன்னேன். பேஷ் என்றார். அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் தெய்வானை அக்காவிடம் விடைபெறப் போனேன், நாளையிலிருந்து உள் ரூம் என்று. அவர் நிமிரவில்லை. நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பையனோட இடுப்பளவு என்னன்னு கேட்டுச் சொல்லு தம்பி. ரெட்டத் தையல் போட்டு வெக்கறேன்."

கேட்கிறேன் என்றேன்.

மே 26

ஞானதுரை ரயிலில் வந்தான். புதுச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணே, எனக்கு லேத்தா டிரில்லிங்கா, சொன்னா இப்பவே மனசுல ஓட்டிப் பாத்துக்கிடுவேன் என்றான். ஊரில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

மே 28

டிசைன் ரூமில் ஏசி உண்டு. நாற்காலி சுழலும். என் முதல் வரைபடத்தை இன்று முடித்தேன், இடுப்புப் பட்டையின் கொக்கி. மூலையில் என் பெயர். மிதுன் தானாகவே அதை மாற்றித் தந்தான்.

என் மேஜைக்கு எதிரே ஒரு ஜன்னல் இருக்கிறது. அதில் தோப்பும் தைல மரங்களும் தெரியும். திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று மிதுனிடம் சொல்லி, மத்தியானம் இருவருமாக மேஜையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டோம்.